பின்சக்கரம் திரும்பினால் வாய்க்கால் எந்தப் பக்கம்?

ஷோரூமில் புதிதாகச் சேர்ந்திருக்கும் நீங்கள் ஐந்து பேரும் சேர்ந்து எனக்கு ஒரு கேள்வி அனுப்பியிருக்கிறீர்கள். வேகமான பெரிய வண்டி கேட்டு வருகிறவர்களிடம் பின்சக்கரமும் திரும்புகிற வசதியை எடுக்கச் சொல்லலாமா, வேண்டாமா? உண்மையிலேயே பிரயோஜனமா, இல்லை சும்மா படம் காட்டுவதா?

ஒரு வரியில் பதில் சொல்லிவிட்டால் அப்புறம் என்னை யார் மதிப்பார்கள்? இருபத்திரண்டு வருடம் திருநெல்வேலியில் கார் விற்றவன் நான். ஐம்பத்து மூன்று வயதில் வேலையை விட்டபோது ஓய்வு பெற்றுவிட்டார் என்று சால்வை போட்டார்கள். உண்மையில் ஓய்வு பெற்றது என் இடுப்பு. தரையோடு தரையாக நிற்கும் வண்டிகளுக்குள் ஒரு நாளைக்குப் பத்துத் தடவை மடங்கி ஏறி, வலியைக் காட்டாமல் சிரித்துக்கொண்டே இறங்குவதற்கும் ஒரு அளவு இருக்கிறது. ஆகவே இப்போது எனக்கு நேரம் நிறைய. நீளமாகத்தான் சொல்வேன்.

முதலில் அந்த வசதி என்னவென்று நான் வாடிக்கையாளர்களுக்கு விளக்கும் விதம். இரண்டு பேர் ஒரு கட்டிலைத் தூக்கிக்கொண்டு குறுகிய வாசலில் திரும்புவதை நினைத்துக்கொள்ளுங்கள். முன்னால் இருப்பவர் வலது பக்கம் திரும்பும்போது பின்னால் இருப்பவர் இடது பக்கம் ஒதுங்கிக் கொடுத்தால்தான் கட்டில் உள்ளே போகும். மெதுவாகப் போகும்போது பின்சக்கரம் செய்வது அதுதான். வேகமாகப் போகும்போது வேறு மாதிரி. முன்சக்கரம் சாயும் பக்கமே பின்சக்கரமும் லேசாகச் சாயும். இரண்டு பேரும் பேசிவைத்துக்கொண்டு பக்கவாட்டில் ஒரு எட்டு வைப்பதுபோல வண்டி அலுங்காமல் தடம் மாறும்.

இதில் 'பின்னால் இருப்பவர் ஒதுங்கிக் கொடுப்பார்' என்ற பகுதியைப் பத்திரமாக நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். நூறு பேருக்கு அதைச் சொன்ன நான் வைத்துக்கொள்ளவில்லை.

அம்பாசமுத்திரத்திலிருந்து ஒரு கணவனும் மனைவியும் வந்தார்கள். நெல் அறுக்கிற மிஷின்கள் வைத்து, அறுவடைக் காலத்தில் ஊர் ஊராக வாடகைக்கு அனுப்புகிறவர்கள். நடவுக் காலம் என்பதால் மிஷின்களுக்கு வேலை இல்லை. ஆகவே கார் பார்க்க நேரம் இருந்தது. அண்ணாச்சிக்கு அறுபது இருக்கும். வெள்ளை வேட்டி, வாய் நிறையப் பேச்சு. எங்களிடம் இருந்ததிலேயே வேகமான வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்தார். பானெட்டைத் தடவினார். எத்தனை குதிரைச் சக்தி என்று கேட்டுவிட்டு, பதிலை அங்கே நின்றிருந்த காவலாளி வரைக்கும் திருப்பிச் சொன்னார். அந்த அம்மா ஒரு ஓரமாக நாற்காலியில் உட்கார்ந்து குளிர்ந்த மோர் குடித்துக்கொண்டிருந்தார்.

நான் என்ன செய்திருப்பேன்? நீங்கள் செய்வதைத்தான். அண்ணாச்சியிடம் அரை மணி நேரம் விளக்கினேன். கட்டில், வாசல், எல்லாம். மேஜை மேல் இருந்த பேனா ஸ்டாண்டை வைத்துச் செய்தும் காட்டினேன். பிறகு பணிவாகச் சாவியை அவரிடம் நீட்டினேன்.

"எனக்கு என்னத்துக்கு வே?" என்றார் அண்ணாச்சி. "எனக்கு சைக்கிள் தவிர எதுவும் ஓட்டத் தெரியாது. ஓட்டுதது அவ."

அந்த அம்மா மோர் டம்ளரைக் கீழே வைத்தார். "முடிஞ்சிட்டா? போவமா?" என்றார்.

முதல் பாடம் உங்களுக்கு இலவசம். யார் ஓட்டப் போகிறார்கள் என்று கேட்காமல் வாயைத் திறக்காதீர்கள்.

அவர்கள் கேட்டது ஒன்றே ஒன்றுதான். அவர்கள் வீட்டுத் தெருவில் ஒரு பக்கம் வாய்க்கால். எதிர்ப்பக்கம் வீட்டு வாசல் கேட். தெருவிலிருந்து சரியாகச் செங்குத்தாகத் திரும்பி உள்ளே போக வேண்டும். இருக்கிற பழைய வண்டிக்கு மூன்று வெட்டு தேவைப்படும். முன்னால் போய், பின்னால் வந்து, மறுபடி முன்னால். அப்படிப் பின்னால் வரும்போது ஒரு தடவை அவர்களுடைய டிரைவர் வண்டியை வாய்க்காலுக்குள் இறக்கிவிட்டார். அதன் பிறகு அந்த அம்மா வீட்டில் வேறு யாரையும் ஓட்ட விடுவதில்லை. புது வண்டியோ பழையதைவிட நீளம்.

"ஒரே வெட்டுல உள்ள வரணும்," என்றார் அந்த அம்மா. "வரல்லன்னா இந்த வண்டி வேண்டாம். தெருவுல நிப்பாட்டிட்டு ராத்திரியெல்லாம் இவரு போயிப் போயிப் பாத்துக்கிட்டு இருப்பாரு. எனக்குத் தூக்கம் கெட்டுரும்."

அன்று மாலைக்குள் ஆர்டர் போக வேண்டும். பின்சக்கர வசதி தொழிற்சாலையிலேயே பொருத்தி வருவது. பின்னால் ஆசைப்பட்டாலும் மாட்ட முடியாது. நாங்கள் ஓட்டிப் பார்க்க எடுத்ததோ அந்த வசதி உள்ள வண்டி. வேறு ஊரிலிருந்து இரண்டு நாளைக்கு இரவல் வாங்கி வந்தது. மேனேஜர் சாவியைக் கொடுக்கும்போதே சொல்லியிருந்தார்: "வண்டியில ஒரு கீறல் விழுந்தா, அதே கீறல் உம்ம மூஞ்சியிலயும் விழும், பாத்துக்கிடும்."

முதலில் நான்குவழிச் சாலையில் நாங்குநேரி வரை போனோம். அந்த அம்மாதான் ஓட்டினார். அண்ணாச்சி பக்கத்தில், நான் பின்னால் மடங்கி. சாரல் காலத்துக் காற்று மலையிலிருந்து இறங்கி வண்டியைப் பக்கவாட்டில் தள்ளும் நேரம். முன்னால் காற்றாலையின் நீளமான இறக்கையை ஏற்றிக்கொண்டு ஒரு லாரி ஊர்ந்தது. அதைத் தாண்டத் தடம் மாறியபோது அந்த அம்மா முதன்முறையாகப் புன்னகைத்ததைக் கண்ணாடியில் பார்த்தேன்.

"பின்னால ஒரு ஆளு சேந்து திருப்புதாப்புல இருக்கு," என்றார்.

"அதேதான் மேடம்! நீங்க கரெக்டா பிடிச்சிட்டீங்க!" என்று துள்ளினேன். துள்ளியதில் தலை கூரையில் இடித்தது.

உங்களிடம் ஒரு உண்மையைச் சொல்லிவிடுகிறேன். அந்த 'சேர்ந்து திருப்புகிற ஆளை' நான் ஒரு நாளும் உணர்ந்ததில்லை. வசதி உள்ள வண்டி, இல்லாத வண்டி இரண்டையும் அதே சாலையில் ஓட்டியிருக்கிறேன். கண்ணைக் கட்டிவிட்டுக் கேட்டால் எது எதென்று சொல்லத் தெரியாது. கண்ணைக் கட்டிவிட்டு நான்குவழிச் சாலையில் ஓட்டினால் வேறு பிரச்சினைகள் வரும் என்பது தனி விஷயம். அந்த அம்மா முதல் திருப்பத்திலேயே சொன்னார். அது எப்படி என்று எனக்கு ஒரு நொடி தோன்றியது. விற்கிற அவசரத்தில் விட்டுவிட்டேன்.

களக்காடு, சேரன்மகாதேவி வழியாக அம்பாசமுத்திரம் வந்தோம். தெருவுக்குள் நுழைந்ததும் எனக்கு உற்சாகம் தலைக்கேறியது. இடது பக்கம் நிறையத் தண்ணீர் ஓடும் வாய்க்கால். வலது பக்கம் கேட். இந்த வசதியைக் காட்டுவதற்கென்றே கட்டிய இடம்போல இருந்தது.

"மேடம், இந்தத் திருப்பத்தை மட்டும் நான் காட்டுறேன். நீங்க ரெண்டு பேரும் கீழ நின்னு பாருங்க."

"பைய," என்றார் அந்த அம்மா, இறங்கிக்கொண்டே. "அந்தக் கரை வெறும் மண்ணு."

"இருபது வருஷமா ஓட்டுறேன் மேடம்."

அந்த இருபது வருடம்தான் என்னைக் கெடுத்தது. சாதாரண வண்டியில் வலது பக்கக் குறுகிய வாசலுக்குள் திரும்ப வேண்டுமென்றால் நாம் என்ன செய்வோம்? முடிந்த அளவு இடது ஓரம் ஒட்டிப் போவோம். திரும்ப இடம் கிடைக்கும் அல்லவா? கை தானாக அதைச் செய்தது. வாய்க்கால் விளிம்புக்கும் டயருக்கும் நடுவே நாலு விரல் இடம் விட்டு, அதுவே பெரிய சாமர்த்தியம் என்று நினைத்துக்கொண்டு, ஸ்டியரிங்கை வலது பக்கம் முழுக்க ஒடித்து முன்னால் நகர்த்தினேன்.

முன்னால் இருப்பவர் வலது பக்கம் திரும்பினார். பின்னால் இருப்பவர் இடது பக்கம் ஒதுங்கிக் கொடுத்தார். இடது பக்கம் என்ன இருந்தது?

பொத்தென்று ஒரு சத்தம். வண்டியின் பின்புறம் லேசாகத் தாழ்ந்தது. சென்சார் விட்டு விட்டு அடிப்பதை நிறுத்திவிட்டு ஒரே நீளமாகக் கத்தியது. திரையில் கேமரா படம் அழகாக வந்தது: கலங்கல் தண்ணீர், தண்ணீருக்கு மேல் பாதி டயர், தண்ணீருக்குள்ளிருந்து தலையில் சோப்பு நுரையோடு அண்ணாந்து பார்க்கும் ஒரு மனிதர்.

"ஏ, யாருவே அது? வண்டி என் தலைக்கு மேல நிக்குது!" என்று அவர் கத்தினார்.

நெருக்கடியில் நிதானமாக இருந்தவர்களின் அனுபவங்களை நீங்கள் வேறு எங்காவது படித்துக்கொள்ளுங்கள். நான் என்ன செய்தேன் என்று சொல்கிறேன். பின்னால் வரலாம் என்று ரிவர்ஸ் போட்டேன். அது ரிவர்ஸ் இல்லை, வைப்பர். அந்த வண்டியில் இரண்டும் ஸ்டியரிங்குக்கு இரண்டு பக்கமும் ஒரே மாதிரி நீட்டிக்கொண்டிருக்கும். வெயில் அடிக்கிற நேரத்தில் கண்ணாடி மேல் தண்ணீர் பீய்ச்சி, வைப்பர் படபடவென்று அடிக்க ஆரம்பித்தது. அதை நிறுத்தப் போய் ஹாரனை அழுத்தினேன். மேனேஜர் முகம் தெரிந்தது. என் முகத்தில் அந்தக் கீறல் எந்தப் பக்கம் விழும் என்றுகூட யோசித்தேன்.

"ஒரே அழுத்தா அழுத்தும் வே!" என்று அண்ணாச்சி கத்தினார். "எத்தன குதிரைன்னு சொன்னீரு! எல்லாத்தையும் அவுத்து விடும், பாய்ஞ்சு வந்துரும்!"

என் கால் ஆக்சிலேட்டர் மேல் போய்விட்டது. சத்தியமாகப் போய்விட்டது. அழுத்தியிருந்தால் பின்டயர் மண்ணைத் தோண்டிக்கொண்டு, குதிரைகள் எல்லாம் குளிக்கப் போயிருக்கும். அதை விட்டுவிட்டு, ஸ்டியரிங்கையாவது நேராக்குவோம் என்று இரண்டு கையாலும் பிடித்தேன்.

"திருப்பாதீய!"

அந்த அம்மாவின் குரல் உயரவே இல்லை. ஆனால் கை நின்றுவிட்டது.

"கையி எப்படி இருக்கோ அப்படியே இருக்கட்டும். கால எடுங்க. மூச்சு விடுங்க." பின்பக்கம் போய்க் குனிந்து பார்த்தார். "தாத்தா, நீங்க அங்கன தள்ளிப் போங்க."

"டயரு புதுசுதான் தாயி, வெடிப்பு ஒண்ணும் இல்ல," என்றார் வாய்க்காலில் இருந்தவர், தள்ளிப் போகாமல்.

"நான் டயரக் கேக்கல்ல. தள்ளிப் போங்க." பிறகு என்னிடம்: "வந்த தடத்துலயே திரும்பி வரணும். ஸ்டியரிங்கத் தொடக் கூடாது. வைப்பர விட்ருங்க, அது பாட்டுக்கு அடிக்கட்டும். பின்னால, பைய, ஒரு சாண்."

ஒரு சாண் வந்தேன். முன்னால் போகும்போது இடது பக்கம் ஒதுங்கிய பின்சக்கரம், அதே கோணத்தில் பின்னால் வரும்போது வலது பக்கம் வந்தது. கொஞ்சம் மண் சரிந்து தண்ணீரில் விழுந்தது. டயர் கரைக்கு ஏறியது. சென்சார் கத்துவதை நிறுத்தியது. நேராக்கியிருந்தால் டயர் அந்த மண்ணிலேயே அரைத்து இன்னும் இறங்கியிருக்கும் என்பது எனக்குப் பிறகுதான் புரிந்தது.

இறங்கினேன். வண்டியைச் சுற்றி வந்து பார்த்தேன். கீறல் இல்லை. உடனே எனக்குள் இருந்த விற்பனையாளன் எழுந்து உட்கார்ந்துவிட்டான், வெட்கமில்லாதவன்.

"பாத்தீங்களா அண்ணாச்சி! எவ்வளவு ஓரத்துல போனாலும் வண்டி எப்படித் தாங்குது! அதைக் காட்டத்தான்..."

"வே," என்றார் அண்ணாச்சி. "உம்ம சட்டையப் பிழிஞ்சா ஒரு வயலுக்குத் தண்ணி பாயும். காட்டுதாராம்."

அந்த அம்மா சாவியை வாங்கிக்கொண்டார். வைப்பரை நிறுத்தினார். வண்டியை வாய்க்காலிலிருந்து விலக்கித் தெருவின் நடுவுக்குக் கொண்டு வந்தார். என் கண்ணுக்கு அது தப்பாகப் பட்டது. இவ்வளவு நடுவிலிருந்து எப்படித் திரும்பும்? வண்டியின் மூக்கு கேட்டின் முதல் தூணை எட்டியதும் ஸ்டியரிங்கை ஒடித்தார். வண்டியின் வால் வாய்க்கால் பக்கம் போனது. அங்கே இப்போது அதற்கு இடம் இருந்தது. தலை கேட்டுக்குள் போனது. கண்ணாடிகளுக்கும் தூண்களுக்கும் நடுவே ஒரு கை நுழையலாம். ஒரே வெட்டு.

நான் வாயைப் பிளந்துகொண்டு நின்றேன். அண்ணாச்சி என் தோளில் தட்டினார்.

"நெல்லு அறுக்குத மிஷினப் பாத்திருக்கீரா? அதுல முன்வீலு திரும்பாது வே. பின்வீலுதான் திரும்பும். வரப்பு ஓரத்துல திருப்பினா வாலு அடுத்தவன் வயலுக்குள்ள போவும். ஒரு அறுப்பு சமயம் ஆத்தூர்க்கார டிரைவரு பாதியில ஊருக்குப் போயிட்டான். அன்னைக்கு ஏறினவ, பதினோரு வருசம் இவதான் ஓட்டினா."

"அப்ப ஷோரூம்ல நான் கட்டில், வாசல்னு சொன்னப்ப..."

"கேட்டுக்கிட்டுத்தான் இருந்தா. நல்லாச் சொன்னீரு, எனக்கே புரிஞ்சுது."

நடந்து போகிறவன் முந்திக்கொண்டு போகிற வேகத்தில் ஓடும் மிஷினில் பதினோரு வருடம் உட்கார்ந்தவருக்கு வேகமான வண்டி மேல் ஏன் ஆசை வந்தது என்று அப்போது எனக்குப் புரிந்தது. நாங்குநேரிச் சாலையில் அந்தப் 'பின்னால் இருக்கும் ஆளை' எப்படிக் கண்டுபிடித்தார் என்பதும் புரிந்தது. அவர் அந்த ஆளோடு வருடக் கணக்கில் குடித்தனம் நடத்தியவர்.

இத்தோடு கையெழுத்து வாங்கியிருக்க வேண்டும். ஆனால் அவர் இறங்கி வந்து நேராகக் கேட்டார்.

"இந்த வசதி இல்லாத வண்டி இங்கன ஒரே வெட்டுல திரும்புமா?"

"திரும்பாது மேடம்."

"சரி. வசதி இருக்குத வண்டி. தெரியாத ஆளு ஓட்டினா?"

தம்பி தங்கைகளே, இந்த இடத்தில்தான் உங்கள் கேள்விக்கான பதில் இருக்கிறது. என் நாக்கில் எல்லாம் தயாராக இருந்தது. சென்சார் இருக்கிறது, கேமரா இருக்கிறது, ரெண்டு நாளில் பழகிவிடும். எதுவும் பொய் இல்லை. ஆனால் கரையில் புதிதாகச் சரிந்த மண் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது. சென்சார் கத்தியபோது நான் கேட்டேனா? கேமரா காட்டியபோது பார்த்தேனா? பயந்துபோன மனிதன் பழகியதைத்தான் செய்வான். நாம் பழகியதெல்லாம் முன்சக்கரம் மட்டும் திரும்புகிற வண்டி.

"வாய்க்காலுக்குள்ள இருக்கும்க்கா," என்றேன். மேடம் எப்போது அக்கா ஆனார் என்று எனக்கே தெரியவில்லை. "இருபது வருஷம் ஓட்டினவன் நான், தினம் இதைப் பத்திப் பேசுறவன், எனக்கே இந்தக் கதி."

அண்ணாச்சியின் முகம் தொங்கிப்போனது. "அப்ப வேண்டாம்ளா. தீபாவளிக்கு மருமகன் வருவாரு, ஓட்டிப் பாக்கணும்னு கேப்பாரு. எதுக்கு வம்பு?"

"கேப்பாரு," என்றார் அக்கா. "நான் சாவி குடுக்க மாட்டேன்."

"மருமகனுக்குச் சாவி குடுக்க மாட்டேன்னு சொல்லுதது மரியாதையா இருக்குமா?"

"வாய்க்காலுக்குள்ள இருந்து மருமகனத் தூக்குதது மரியாதையா இருக்குமா?"

அண்ணாச்சி யோசித்தார். வாய்க்காலைப் பார்த்தார். வண்டியைப் பார்த்தார். "ரெண்டும் இருக்காது," என்று ஒத்துக்கொண்டார்.

அக்கா வண்டியின் பின்டயரைக் குனிந்து ஒரு தடவை பார்த்துவிட்டு என்னிடம் திரும்பினார். "போட்டுருங்க. ஓட்டப் போறது நான்தான். உள்ளதச் சொன்னீய. வசதி மட்டுந்தான் இருக்கு, பயம் ஒண்ணும் இல்லன்னு சொல்லியிருந்தா, பழைய வண்டியே போதும்னு அனுப்பியிருப்பேன்."

ஆகவே உங்கள் கேள்விக்குப் பதில் இதுதான். வண்டி நீளமாக இருந்து, வீடு நெருக்கமான இடத்தில் இருந்து, ஓட்டுகிறவர் ஒரே ஆளாக இருந்தால், தாராளமாக எடுக்கச் சொல்லுங்கள். தினமும் அது வேலை செய்யும். நான்குவழிச் சாலையில் சுகம் என்று கேட்டு வந்தால், உணர்கிற கை இருக்கிறதா என்று ஓட்ட வைத்துப் பாருங்கள், இல்லாதவர்களிடம் 'உணர்ந்தீர்களா?' என்று கேட்டு வாயில் வார்த்தையைத் திணிக்காதீர்கள். சின்ன வண்டிக்கு வேண்டாம். நாலு டிரைவர், மூன்று மகன், ஒரு மருமகன் ஓட்டுகிற வீட்டுக்குச் சத்தியமாக வேண்டாம். நான்கு சக்கரமும் திரும்புகிற வண்டியில் தேய்கிற மூட்டுகளும் அதிகம், சக்கரங்களை நேர்பார்க்கிற அலைன்மென்ட் வேலையும் அதிகம். அதையும் கையெழுத்துக்கு முன்னால் சொல்லிவிடுங்கள். எல்லாவற்றுக்கும் மேல், முதல் நாளே வால் எந்தப் பக்கம் போகும் என்பதைக் காட்டுங்கள். தயவுசெய்து தண்ணீர் இல்லாத இடத்தில் காட்டுங்கள்.

சில மாதங்கள் கழித்து வண்டி வந்தது. திருநெல்வேலியிலிருந்து நான்தான் ஓட்டிக்கொண்டு போனேன். தெருமுனையில் மாலையோடு அண்ணாச்சி நின்றார். பின்னால் பாதித் தெரு நின்றது.

"நீரே உள்ள கொண்டாரும் வே," என்றார் உரத்த குரலில். "நாலு பேரு பாக்கட்டும்!"

நான் தெருமுனையிலேயே வண்டியை நிறுத்தினேன். இறங்கினேன். சாவியை அக்காவிடம் நீட்டினேன்.

"பயமா?" என்றார் அக்கா.

"ஆமாக்கா."

"சரி, பக்கத்துல உக்காருங்க."

உட்கார்ந்தேன். கேட் நெருங்கியதும் கண்ணை மூடிக்கொண்டேன். வண்டி ஒரு தடவை திரும்பியது தெரிந்தது. அப்புறம் நின்றது. கண்ணைத் திறந்தால் வீட்டு முற்றம். கேட்டுக்கு வெளியே நின்ற கூட்டத்தைப் பார்த்து, நெற்றி வியர்வையைத் துண்டால் துடைத்துக்கொண்டு அண்ணாச்சி சொல்லிக்கொண்டிருந்தார்:

"ஒரே வெட்டு! பாத்தியளா? ஓட்டத் தெரிஞ்சிருக்கணும் வே!"